பழைய ஜீப், அம்பாசிடர் பிரேக்கில் காற்று எடுப்பது எப்படி? வீட்டிலேயே செய்யும் முறை

தோட்டத்து வேலைக்குப் பழைய ஜீப்பும், குடும்பத்துக்கு ஒரு அம்பாசிடரும் வைத்திருக்கும் விவசாயிகள் இன்றும் பலர் உண்டு. உர மூட்டை, பால் கேன், தக்காளிப் பெட்டி, வேலையாட்கள் என எல்லாச் சுமையையும் இந்த வண்டிகள் சுமக்கின்றன. போடி, கம்பம் பகுதியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பும் சரி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் விளைபொருளோடு இறங்கும் வண்டியும் சரி, நம்பியிருப்பது பிரேக்கை மட்டும்தான்.

பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் பாதைதான் உண்டு. ஒரு சக்கரத்தில் ஆயில் கசிந்தாலும், குழாயில் காற்று புகுந்தாலும், நான்கு சக்கரங்களிலும் பிரேக் பிடிப்பு குறையும். அந்தக் காற்றை வெளியேற்றும் வேலையைத்தான் பட்டறைகளில் 'ஏர் எடுப்பது' அல்லது 'பிளீடிங்' என்கிறார்கள். சில எளிய கருவிகளும், பெடல் மிதிக்க ஓர் ஆளும் இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வரிசை தவறாமல் செய்ய வேண்டும்.

காற்று இருந்தால் பிரேக் ஏன் பிடிப்பதில்லை?

நீங்கள் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஆயில் குழாய் வழியாகத் தள்ளப்படுகிறது. அது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டருக்குச் சென்று, பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்துகிறது. ஆயில் அழுத்தத்தால் சுருங்காது என்பதால் காலின் விசை அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. காற்று சுருங்கும். குழாயில் சிறிது காற்று இருந்தாலும், மிதித்த விசை அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சு போல அமுங்கும், பிரேக் பிடிக்காது.

காற்று தானாக உள்ளே புகாது. ஆயில் டப்பா காலியாக விடப்பட்டிருக்கலாம். வீல் சிலிண்டர், ஹோஸ் போன்றவற்றைக் கழற்றி மாட்டியிருக்கலாம். அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் காற்றை மட்டும் எடுத்தால், சில நாட்களில் அதே கோளாறு திரும்பி வரும்.

முதலில் காற்றுதானா என்று பாருங்கள்

பிரேக் சரியில்லை என்றாலே காற்று என்று முடிவு செய்துவிடக் கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடலை மிதித்துப் பார்த்து வேறுபாட்டை அறியலாம்.

• பெடல் பஞ்சு போல மெத்தென்று அமுங்கினால், பெரும்பாலும் காற்றுதான்.

• பெடல் ஆழமாக இறங்கினாலும் முடிவில் கல் போல நின்றால், ஷூ தேய்ந்து டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. இதற்கு பிரேக் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். காற்று எடுத்துப் பயனில்லை.

• அழுத்தி மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாசர் தேய்ந்துவிட்டது.

• பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு டிரம்மில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம். அல்லது ஒரு வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

• சேற்றிலோ வாய்க்காலிலோ இறங்கி ஏறிய உடன் மட்டும் பிரேக் குறைந்தால், டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாக மிதித்தால் சூட்டில் காய்ந்து சரியாகும்.

• மலை இறக்கத்தில் நீண்ட நேரம் பிரேக் மிதித்த பின் பெடல் திடீரென்று மெத்தென்று ஆனால், ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகியிருக்கிறது. வண்டி ஆறியதும் பெடல் சரியானது போலத் தெரியும். அதை நம்பாமல் ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும்.

எந்த ஆயில் ஊற்றுவது?

பெரும் சேதம் நேர்வது இந்த இடத்தில்தான். எஞ்சின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஒரு சொட்டுகூட பிரேக் ஆயில் டப்பாவில் படக் கூடாது. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் பட்டால் உள்ளே உள்ள ரப்பர்கள் ஊதிப் பெருத்துவிடும். பின்னர் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை எல்லா ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். டிராக்டரில் 'ஆயில் பிரேக்' என்று சொல்லப்படுவது வேறு. அதில் பிரேக் தட்டுகள் கியர்பெட்டி ஆயிலில் மூழ்கியிருக்கும். அந்த ஆயிலை ஜீப்பில் ஊற்றக் கூடாது. ஜீப்பின் பிரேக் ஆயிலை டிராக்டரிலும் ஊற்றக் கூடாது. இரண்டுக்கும் ஒரே புனலைப் பயன்படுத்துவதையும் தவிர்க்கவும்.

கடையில் கிடைக்கும் பிரேக் ஆயில் வகைகளில் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் இந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இதே அளவுகள் 230, 155 டிகிரி. மலைப்பாதையில் பழைய ஆயில் கொதிப்பதற்கு இதுவே காரணம். ஈரம் சேர்ந்த ஆயில் சிலிண்டரின் உட்புறத்தையும் துருப்பிடிக்கச் செய்யும்.

வண்டியின் ஆயில் மூடியிலோ கையேட்டிலோ குறிப்பிட்டுள்ள வகையை வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில் நெருங்கியிருந்தாலும் கிளைக்கால் வகைதான். திறந்து பாதி ஊற்றி, மாதக்கணக்கில் பரணில் வைத்த டப்பாவைப் பயன்படுத்த வேண்டாம். சீல் உடைக்காத சிறிய டப்பாக்களாக வாங்குவதே நல்லது. காற்று மட்டும் எடுக்க அரை லிட்டர் பெரும்பாலும் போதும். பழைய ஆயில் முழுவதையும் மாற்றுவதாக இருந்தால் ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

• நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர். பழைய வண்டிகளில் இஞ்ச் அளவு நிப்பிள் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும்.
• சுமார் 2 அடி நீளத்துக்கு உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் குழாய். மீன் தொட்டிக்கு விற்கும் காற்றுக் குழாய் பொருந்தும்.
• ஒளி ஊடுருவும் பாட்டில் ஒன்று
• சக்கரத்துக்கு அண்டை கொடுக்க 4 மரக்கட்டைகள்
• கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்ப்ரே, பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர்
• கையுறை, கண்ணாடி

வண்டியை நிறுத்துவதில் கவனம்

சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். களத்து மேட்டிலோ சரிவிலோ வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்ட்டில் உள்ள ஒரு டிரம்மைத்தான் அது பிடிக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரென்ஷியல் வழியாக மற்ற சக்கரம் சுழல முடியும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். ஜாக்கி சாய்ந்து வண்டி ஆளின் மேல் இறங்கும். கியரில் போட்டிருப்பதும் இதே காரணத்தால் அந்த நேரத்தில் காப்பாற்றாது. எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவும் கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகே போக வேண்டும்.

ஜீப் உயரமான வண்டி என்பதால், பெரும்பாலும் தூக்காமலே சக்கரத்தின் பின்புறம் கையை விட்டு நிப்பிளை எட்டலாம். முடிந்தவரை அப்படியே செய்யுங்கள்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

1. நான்கு சக்கரங்களின் உட்புறமும் ஆயில் வழிந்த ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்பு, உப்பல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரும்புக் குழாய்கள் துருவால் செதில் எடுத்திருந்தால் அவற்றை மாற்றிய பிறகே காற்று எடுக்க வேண்டும்.

2. ஷூக்களை அட்ஜஸ்ட் செய்யுங்கள். இடைவெளி கூடுதலாக இருந்தால், காற்று முழுவதும் போன பிறகும் பெடல் கீழேயே இருக்கும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே உள்ள தூசியை ஊதவோ, கம்ப்ரசர் காற்றால் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம்; அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

3. மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் தேடுங்கள். பழைய ஜீப்புகளில் இது ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே சட்டத்தில் இருக்கும். பிந்தைய மாடல்களில் பானெட்டுக்கு உள்ளே இருக்கும். திறக்கும் முன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் நன்றாகத் துடையுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் துகள் ரப்பரைக் கிழித்துவிடும்.

4. நிப்பிள்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து முதல் நாள் இரவே ஊற விடுங்கள். இறுகிய நிப்பிளை முரட்டுத்தனமாகத் திருகினால் கழுத்தோடு முறியும். பிறகு வீல் சிலிண்டரையே மாற்ற நேரிடும்.

5. பெடலுக்கு அடியில் ஒரு சிறிய மரக்கட்டையை வையுங்கள். வழக்கமான ஓட்டத்தில் பெடல் தரை வரை போவதில்லை. அதனால் மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரை வரை அழுத்தினால் ரப்பர் வாசர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர், காற்று எடுத்த மறுநாளே பழுதாவதற்கு இது ஒரு காரணம்.

எந்தச் சக்கரம் முதலில்?

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, மிக அருகில் உள்ளதில் முடிப்பது பொது முறை. நம் நாட்டு வண்டிகளில் ஸ்டீயரிங்கும் மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கம் இருப்பதால் வரிசை இப்படி வரும்:

பின் இடது – பின் வலது – முன் இடது – முன் வலது

சில வண்டிகளில் பின் அச்சுக்கு ஒரே நிப்பிள்தான் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு வரிசை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இருவர் சேர்ந்து செய்யும் முறை

ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். பெடலில் இருப்பவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். தானாகக் காலை எடுக்கக் கூடாது. 'மிதி', 'பிடி', 'விடு' என்ற மூன்று சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆயில் டப்பாவைப் புதிய ஆயிலால் குறி வரை நிரப்புங்கள்.

2. நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பானரை மாட்டுங்கள். பிறகு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள், ஆயிலில் மூழ்கும்படி விடுங்கள்.

3. 'மிதி' என்றதும், பெடலில் இருப்பவர் மெதுவாக மூன்று நான்கு முறை மிதித்து விட்டு, கடைசி மிதியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்று சிறு குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும். பிறகு வெளியேற்றுவது சிரமம்.

4. 'பிடி' என்று சொல்லி, நிப்பிளைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை இளக்குங்கள். ஆயிலும் குமிழியும் குழாயில் ஓடும். பெடல் தானாகக் கீழே இறங்கும். இறங்கினாலும் காலை எடுக்கக் கூடாது.

5. ஓட்டம் குறைந்ததும், பெடல் கீழே இருக்கும்போதே நிப்பிளை இறுக்குங்கள். இறுக்கிய பிறகே 'விடு' என்று சொல்ல வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும். செய்த வேலை முழுவதும் வீண்.

6. பெடலை மெதுவாக மேலே வரவிட்டு, சில விநாடிகள் பொறுத்து, மீண்டும் தொடங்குங்கள். குமிழி நின்று, தெளிந்த புதிய ஆயில் வரும் வரை இதையே தொடர வேண்டும்.

7. ஐந்து முறைக்கு ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். பழைய ஜீப்பின் ஆயில் டப்பா சிறியது, விரைவில் தீர்ந்துவிடும். டப்பா வறண்டால் மாஸ்டர் சிலிண்டருக்கே காற்று போய்விடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

8. ஒரு சக்கரம் முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்கி, ரப்பர் மூடியை மாட்டி, அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். நிப்பிள் சிறியது, முழுப் பலத்தையும் காட்ட வேண்டியதில்லை.

பாட்டிலில் சேர்ந்த ஆயில் தெளிவாகத் தெரிந்தாலும் அதை மீண்டும் டப்பாவில் ஊற்றக் கூடாது. வண்டியின் பெயிண்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; விட்டால் பெயிண்டை உரித்துவிடும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பூஸ்டர் உள்ள பிந்தைய மாடல் என்றால், எஞ்சினை நிறுத்திய பிறகு பெடலை ஐந்தாறு முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எல்லாம் செய்தும் பெடல் மெத்தென்றே இருந்தால்

• மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாற்றியிருந்தால் காற்று அதற்குள்ளேயே தங்கியிருக்கும். அதிலிருந்து வெளியேறும் குழாயின் நட்டைத் துணி சுற்றிச் சிறிது இளக்கி, பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லி, கீழே இருக்கும்போதே இறுக்குங்கள். குமிழி நின்றதும் நான்கு சக்கரங்களிலும் மீண்டும் ஒருமுறை காற்று எடுங்கள்.

• பெடலை மிதிக்கும்போது ரப்பர் ஹோஸ் உப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உப்பினால் ஹோஸை மாற்ற வேண்டும்.

• பெடலின் மேற்பகுதியில் சுமார் அரை அங்குலம் இலகுவான அசைவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் முழுவதும் பின்னுக்கு வராது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே நின்று டிரம் சூடாகும்.

• வீல் சிலிண்டரை இடம் மாற்றியோ தலைகீழாகவோ மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேல்பக்கம் தங்கும் என்பதால் நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துளியும் இறங்கக் கூடாது. அப்படிப் பிடித்திருக்கும்போதே மற்றவர் நான்கு நிப்பிள்களையும் துணியால் துடைத்து, ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெடல் ஒரே மிதியில் கெட்டியாக நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் நிற்கிறது என்றால் வேலை முடியவில்லை.

பிறகு வாசலிலேயே நடக்கும் வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள். அடுத்து ஆளில்லாத தோட்டத்துப் பாதையில் ஓட்டுங்கள். வண்டி நேராக நிற்கிறதா, ஏதாவது ஒரு டிரம் மட்டும் சூடாகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையில் ஆயில் அளவையும், சக்கரங்களின் உட்புறத்தையும் மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகே சுமையோ ஆட்களோ ஏற்ற வேண்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

பிரேக் ஆயில் நஞ்சு. கிணற்று மேடு, வாய்க்கால், எருக்குழி எங்கும் கொட்டக் கூடாது. மாட்டுத் தொட்டிக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வேலை செய்யுங்கள். பழைய ஆயிலைக் குடிநீர் பாட்டிலில் பிடித்து அப்படியே வைத்துவிடாதீர்கள், குழந்தைகள் எடுத்துவிடலாம். பெயர் எழுதிய டப்பாவில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் கழிவு எண்ணெயோடு கலக்க வேண்டாம்.

எப்போது மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

குழாய் அல்லது ஹோஸ் கசிவு, முறிந்த நிப்பிள், பெடல் மெல்ல இறங்குவது, இரண்டு முறை காற்று எடுத்தும் மெத்தென்று இருப்பது ஆகியவை இருந்தால் வண்டியை ஓட்டிச் செல்லாமல், மெக்கானிக்கை வரவழையுங்கள் அல்லது கட்டி இழுத்துச் செல்லுங்கள். ஏபிஎஸ் உள்ள புதிய வண்டிகளுக்கு இந்த முறை மட்டும் போதாமல் போகலாம். நிறுவனம் சொல்லும் முறைப்படியே செய்ய வேண்டும்.

ஓட்டும்போது பிரேக் இறங்கிவிட்டால்

பெடலைத் தொடர்ந்து வேகமாக மிதித்து விடுங்கள்; கொஞ்சம் அழுத்தம் கிடைக்கலாம். எஞ்சினை அணைக்காமல், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். ஹாரன் அடித்துக்கொண்டே மேட்டுப் பக்கம் அல்லது மண் திட்டுப் பக்கம் வண்டியை ஒதுக்குங்கள். மலை இறக்கத்தில் தொடக்கத்திலேயே குறைந்த கியரில் இறங்கினால் இந்த நிலையே பெரும்பாலும் வராது. சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிப்பு விடலாம். நிழலில் நிறுத்தி ஆற விடுங்கள்.

நினைவில் வைக்க

• வாரம் ஒருமுறை: ஆயில் அளவு, சக்கரத்தின் உட்புற ஈரம்
• மழைக்காலத்துக்கு முன்: ஹோஸ், இரும்புக் குழாய், ஷூ தேய்மானம்
• இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை: பிரேக் ஆயில் முழுவதும் மாற்றுதல்
• ஆயில் அளவு குறைந்துகொண்டே வந்தால்: ஊற்றி நிரப்புவதோடு விடாமல் கசிவைத் தேடுதல்

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், வாசர் கிட், வீல் சிலிண்டர், ஹோஸ் போன்ற பிரேக் பாகங்களை இன்னும் தேடி வாங்க முடிகிறது. அவற்றின் விலை மலிவுதான். ஆட்களை ஏற்றும் வண்டியில் ரப்பர் பாகங்களை 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.